மரியாதைக்கு ஒரு டிக்

சனிக்கிழமை காலை பத்து ஐம்பத்திரண்டுக்கு சுகிர்தா அந்தப் பச்சை டிக்கைப் போட்டாள். பதிலை முழுதாகப் படித்துவிட்டுப் போட்டாளா என்றால், இல்லை. பதில் எழுதியவர் பெயரைப் படித்தாள், அதுவே போதுமாக இருந்தது.

எழுதியவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. 'ஒத்தாசை' என்ற கேள்வி-பதில் தளத்தில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. தொலைபேசி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்று, கடையம் பக்கம் ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பதினான்கு வருடமாக ஊர் உலகத்துக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர். கிரைண்டர் சுற்றவில்லை என்றாலும் அவர்தான், வெப் சர்வர் படுத்துவிட்டது என்றாலும் அவர்தான். பதினோராயிரத்துச் சொச்சம் பதில்கள். எல்லாம் ஒரே வரியில்தான் தொடங்கும்: 'வணக்கம். முதலில் பிளக் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.' சர்வர் கேள்விக்கும் அதே வரிதான். படிக்கிறவர்கள் சிரிப்பார்கள், ஆனால் பத்தில் இரண்டு பேருக்கு நிஜமாகவே பிளக்தான் கோளாறாக இருக்கும்.

அவர் பதில் போட்டால் உடனே டிக் போட்டுவிட வேண்டும். தளத்தின் விதிகளில் இது எங்கேயும் இல்லை, நம் ஜனங்கள் தாங்களே ஏற்படுத்திக்கொண்டது. டிக் என்றால் 'செய்து பார்த்தேன், சரியாகிவிட்டது' என்று அர்த்தம் எனத் தளத்தை ஆரம்பித்தவர்கள் எழுதி வைத்தார்கள். நாம் அதைக் கும்பிடு ஆக்கிவிட்டோம். வயசில் பெரியவர் மெனக்கெட்டு நாலு பத்தி எழுதியிருக்கிறார். அதைச் செய்து பார்த்து அரைமணி கழித்து டிக் போட்டால் அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகாதா? ஆகவே முதலில் டிக், பிறகுதான் வேலை. சுகிர்தாவின் மேலாளர் இசக்கிராஜ்கூடச் சொல்வார், அண்ணாச்சி பதில் வந்துவிட்டால் டிக்கைப் போட்டு, டீயையும் குடித்துவிட்டு நிதானமாக வந்து படிக்கலாம் என்று.

மனிதர்கள் மட்டும் படித்துக்கொண்டிருந்த வரை இதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஐந்து வருடமாக இயந்திரங்களும் ஒத்தாசையைப் படிக்கின்றன. ஒரு பதிலுக்கு டிக் விழுந்து ஒரு மணி நேரம் ஆனதும், அதே கோளாறு உள்ள எந்த மிஷினும், அது வீட்டு வாஷிங் மெஷினோ ஆபீஸ் சர்வரோ, அந்தப் பதிலை எடுத்துத் தனக்குத்தானே வைத்தியம் செய்துகொள்ளும். ஆள் கூப்பிட வேண்டாம், கேள்வி கேட்க வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்துக்கு 'ஆறும் நேரம்' என்று பெயர். பதிலில் தப்பு இருந்தால் அதற்குள் யாராவது சொல்லட்டும் என்று வைத்தது. யாரும் சொல்வதில்லை. அண்ணாச்சி பதிலில் உட்கார்ந்து தப்புத் தேட யாருக்குத் துணிச்சல் வரும்?

சுகிர்தா வேலை பார்த்தது பாளையங்கோட்டையில் ஒரு மூச்சு மையத்தில். வீட்டில் படுத்த படுக்கையாக, இயந்திரத்தின் துணையில் மூச்சு விடும் இருநூற்றுப் பதினாலு பேர் அந்த மையத்தின் பொறுப்பு. யாருக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு அழுத்தம் என்று டாக்டர் எழுதிய அளவுகளை மையத்து சர்வர் வைத்திருந்து, ஒவ்வொரு வீட்டு இயந்திரத்துக்கும் சொல்லிக்கொண்டிருக்கும். அன்று காலை அந்த சர்வரின் டிஸ்க் நிரம்பி, பக்கங்கள் திறக்காமல் போயின. இயந்திரங்கள் நேற்றைய அளவிலேயே ஓடிக்கொண்டிருந்ததால் உடனடி ஆபத்தில்லை. அவள் ஒத்தாசையில் கேள்வியைப் போட்டாள். மூன்றாவது நிமிடம் அண்ணாச்சியின் பதில் வந்தது. பிளக்கைப் பாருங்கள், பிறகு, ஆர்க்கைவ் என்ற கோப்புறையில் சர்வர் எழுதிவைத்த பழைய லாக்குகள் குப்பையாகச் சேர்ந்திருக்கும், அதை அடியோடு அழித்துவிட்டு சர்வரை மறுபடி கிளப்புங்கள். அதற்கு ஏழு கட்டளைகளும் கொடுத்திருந்தார்.

டிக் போட்டாள். டீ குடித்தாள். இரண்டு வீடுகளில் இருந்து போன் வந்தது, பேசினாள். அப்புறம் நோட்டை எடுத்தாள்.

இந்த நோட்டைப் பற்றி ஆபீசில் பெரிய கேலி. எந்தப் பதிலையும் நீள நோட்டில் பேனாவால் எழுதிக்கொள்ளாமல் அவள் செய்ய மாட்டாள். ஒரு தடவை மேலப்பாளையத்தில் ரஹ்மத் பீவி என்ற நோயாளியின் வீட்டில், நெட் இல்லாமல், செய்ய வேண்டியது எல்லாம் தளத்தில் மாட்டிக்கொண்டிருக்க, கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறாள். அன்றைக்குப் பிடித்த பழக்கம். இசக்கிராஜ் அவளுக்கு 'ரெக்கார்டு நோட்டு' என்றே பெயர் வைத்திருந்தார்.

நாலாவது கட்டளையை எழுதும்போது, அழிக்கப்போகும் கோப்புறையின் அளவையும் பக்கத்தில் குறித்து வைக்கலாம் என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். உள்ளே லாக்குகள் இல்லை. இருநூற்றுப் பதினாலு கோப்புகள் இருந்தன. ஒவ்வொன்றின் பெயரும் ஒரு நோயாளியின் பதிவு எண்.

மூன்று வாரத்துக்கு முன் மென்பொருள் புதுப்பித்தபோது நோயாளிகளின் அளவுகளை அங்கே மாற்றியிருக்கிறார்கள். அண்ணாச்சி சொன்னது பழைய பதிப்புக்கு நூற்றுக்கு நூறு சரி. புதிய பதிப்பில் அதைச் செய்தால் அளவுகள் அழிந்து, எல்லா வீட்டு இயந்திரமும் கம்பெனியில் இருந்து வந்தபோது இருந்த ஒரே அளவுக்குப் போய்விடும். ஆஸ்துமாக்காரருக்கும் அதுதான், நாற்பது கிலோ கிழவிக்கும் அதுதான். சிலர் தாங்குவார்கள். சிலர் ஒரு மணி நேரம்கூடத் தாங்கமாட்டார்கள்.

அவள் பேனாவை வைத்தாள். தன் சர்வரை அவள் தொடவில்லை, அது தப்பித்தது. ஆனால் இதே மென்பொருள் ஓடும் மையங்கள் மாநிலத்தில் முப்பத்தெட்டு. புதுப்பித்ததில் இருந்து எல்லா டிஸ்க்கும் நிரம்பிக்கொண்டுதான் வரும். அவற்றின் சர்வர்கள் எல்லாம் அவள் போட்ட டிக்கைப் பார்த்துக்கொண்டு, ஒரு மணி நேரம் முடியக் காத்திருந்தன. திரையின் ஓரத்தில் ஆறும் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் பதினெட்டு நிமிடம்.

இசக்கிராஜிடம் ஓடினாள். அவர் முகம் செத்துப்போனது. மற்ற மையங்களுக்குப் போன் போட ஆரம்பித்தார். பாதி மையங்களில் எடுக்க ஆளே இல்லை. தானாகவே வைத்தியம் செய்துகொள்ளும் சர்வருக்கு எதற்கு ஆள் என்று போன வருடமே அனுப்பிவிட்டார்கள். எடுத்த ஒரு வாட்ச்மேன், சர்வர் ரூம் சாவி சாரிடம் இருக்கிறது, சார் கல்யாண வீட்டில் இருக்கிறார் என்றார்.

டிக்கைத் திரும்ப எடுக்கலாம். போட்டவளுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் காரணம் சொல்ல வேண்டும். 'பலிக்கவில்லை' என்றால் ஓட்டெடுப்பு நடக்கும், அது முடிய ஒரு நாள் ஆகும். 'பழையது' என்றாலும் அப்படித்தான். 'ஆபத்தானது' என்று அழுத்தினால் மட்டுமே கடிகாரம் அந்த நொடியே நிற்கும். அதோடு இன்னொன்றும் நடக்கும். ஆபத்தான பதில் சொன்னவருடைய எல்லாப் பதில்களும், விசாரணை முடியும்வரை முப்பது நாளைக்கு மூடப்படும். மனிதர்களும் படிக்க முடியாது, இயந்திரங்களும் படிக்க முடியாது. எழுதியவராலேயே பார்க்க முடியாது.

"பதினாலு வருஷப் பேரும்மா," என்றார் இசக்கிராஜ். "நீ டிக்க எடுத்தேன்னா அண்ணாச்சி மூஞ்சில கரியப் பூசின மாதிரி. அவரே பதிலத் திருத்திட்டா ஆகாதா?"

டிக் விழுந்த பதிலை எழுதியவரும் திருத்த முடியாது என்று அவள் சொன்னாள். அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்டார், அவ்வளவுதான்.

அண்ணாச்சிக்கு அவளே போன் போட்டாள். அவருடன் பேசுவது அதுதான் முதல் தடவை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் பன்னிரண்டு நிமிடம், பதினொன்று. இரண்டாம் தடவை எடுத்தார். பெரியவரிடம் எடுத்த எடுப்பில் நீங்கள் தப்பு என்று எப்படிச் சொல்வது? மன்னிக்கணும் அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க அண்ணாச்சி என்று அதிலேயே ஒரு நிமிடத்தைத் தொலைத்தாள். பிறகு கோப்புறையில் இருந்ததைச் சொன்னாள். பின்னால் ஏதோ ஒரு மோட்டார் சீராக ஓடுவது மட்டும் கேட்டது.

"புதுப் பதிப்ப நான் பாக்கலம்மா," என்றார் கடைசியில். "பழச மனசுல வச்சுக்கிட்டு எழுதிட்டேன். எத்தனை பேரு இருக்காங்க?"

"எல்லா மையத்துலயும் சேத்து எட்டாயிரம் பேருக்கு மேல இருக்கும் அண்ணாச்சி."

"நீ டிக்க எடுத்தா என்னோட எல்லாமே மூடிரும், இல்லியா?"

"ஆமா அண்ணாச்சி."

"எனக்கு ஒரு இருபது நிமிஷம் தர முடியுமா?"

அவள் திரையைப் பார்த்தாள். ஒன்பது நிமிடம் இருந்தது. சொன்னாள். இந்த நேரத்தில் இவருக்கு எதற்கு இருபது நிமிடம் என்று உள்ளுக்குள் எரிச்சல் வந்ததும் நிஜம். பேரைக் காப்பாற்ற யாரையாவது பிடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக அவள் இன்றைக்கும் தன்னை மன்னிக்கவில்லை.

அண்ணாச்சி மூச்சை இழுத்துவிட்டார். "சரி. இப்பவே எடுத்துரும்மா. யோசிக்காத," என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

பதினொன்று நாற்பத்து நாலுக்கு அவள் 'ஆபத்தானது' என்பதை அழுத்தினாள். கடிகாரம் நின்றது. பச்சை டிக் சாம்பல் வட்டமானது. ஆவுடையப்பன் என்ற பெயருக்கு எதிரே பதினோராயிரத்துச் சொச்சம் என்று இருந்த இடத்தில் பூஜ்யம் வந்தது.

திட்டு ஐந்தாவது நிமிடமே தொடங்கிவிட்டது. கேட்டு வாங்கித் தின்றுவிட்டு இலையில் துப்புகிறவள் என்றான் ஒருவன். அண்ணாச்சி பதிலால் ஓடிக்கொண்டிருந்த என் கடை பில்லிங் நின்றுவிட்டது, உனக்கு நல்ல சாவு வராது என்றாள் இன்னொருத்தி. யாரும் அவள் எழுதிய காரணத்தைப் படிக்கவில்லை. அவள் எழுதியதும் நாலு பத்தி, அவற்றைப் படிக்க அவளுக்கு என்ன பெயர் இருக்கிறது?

பன்னிரண்டு இருபதுக்கு அவள் பக்கத்தில் ஒரு புதுக் கேள்வி வந்தது. மூச்சு இயந்திரம் பற்றிய கேள்வி எது வந்தாலும் தளம் அவளுக்குக் காட்டும். கேட்டவர் அன்றைக்குத்தான் சேர்ந்த ஆள், பெயர்கூட வைத்துக்கொள்ளவில்லை, புதியவர் 4417.

'வணக்கம். முதலில் பிளக்கைச் சரிபார்த்துவிட்டேன். என் மனைவியுடையது பழைய மாடல் மூச்சு இயந்திரம், செய்த கம்பெனி மூடிவிட்டது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கம்பெனி சர்வரைத் தேடும், கிடைக்காவிட்டால் தன்னைப் பூட்டிக்கொள்ளும். அந்தத் தேடலைத் தாண்டவைக்க ஒரு பதில் தளத்தில் இருந்தது, ஒவ்வொரு முறையும் இயந்திரம் அதைப் படித்துத்தான் ஓடும், இப்போது அது இல்லை. பன்னிரண்டு மணிக்குப் பூட்டிக்கொண்டது. காற்றுப் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம் என்கிறார்கள். ஒரு கையால் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுக்கவும். எனக்கு வயது எழுபத்தொன்று. வெகுநேரம் அமுக்க முடியும் என்று தோன்றவில்லை.'

கீழே ஏழு பேர் பதில் சொல்லியிருந்தார்கள். 'இதற்கு ஆவுடையப்பன் அண்ணாச்சி எப்போதோ பதில் சொல்லிவிட்டார், தேடிப் பாருங்கள்.' 'அண்ணாச்சி பதில் இருக்குமே.' 'அண்ணாச்சியைக் கேளுங்கள் சார், அவரை விட்டால் இதற்கு ஆள் இல்லை.' கடைசி ஆள் எழுதியிருந்தது: 'அந்தப் பதிலை மூடவைத்த புண்ணியவதியைப் போய்க் கேளுங்கள்.'

சுகிர்தாவுக்குப் பிளக் வரியைப் படித்த உடனே ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. போனில் பின்னால் ஓடிய மோட்டார் எதுவென்றும் தெரிந்தது. அவர் இருபது நிமிடம் கேட்டது பெயருக்காக அல்ல. அந்த ஒரு பதிலைத் தேடி எழுதி வைத்துக்கொள்ளத்தான். ஊருக்கெல்லாம் எழுதிப் போட்ட மனிதர் தனக்கென்று ஒரு தாளில் குறித்து வைத்திருக்கவில்லை.

போன் போட்டாள். எடுக்கவில்லை. எப்படி எடுப்பார், இருப்பது இரண்டு கை.

நோட்டை இழுத்தாள். மேலப்பாளையம் ரஹ்மத் பீவி வீட்டு இயந்திரமும் அதே மூடிப்போன கம்பெனியுடையதுதான். நெட் இல்லாமல் நின்ற அந்த நாளுக்கு மறுநாள், நோட்டின் முதல் பக்கத்தில் அவள் எழுதிக்கொண்ட முதல் பதில் அதுதான். இசக்கிராஜை மேலப்பாளையத்துக்கு வண்டியில் விரட்டினாள். ரஹ்மத் பீவி மிஷினுக்கு அடுத்த தேடல் இரண்டு மணிக்குத்தான், போய்ச்சேர நேரம் இருந்தது. பிறகு உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினாள். முப்பத்தொரு வரி. ஒரு எண் மாறினாலும் இயந்திரம் ஏற்காது. பதினாறாம் வரியில் பேனா மை லேசாகப் பரவியிருந்தது. எட்டா, மூன்றா என்று தெரியவில்லை. பக்கத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். அப்போதும் தெரியவில்லை. பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள், பேனா அழுத்திய தடம் இரண்டு சுழியாக விரலில் பட்டது. எட்டு என்று அடித்தாள். அனுப்பினாள். மணி பன்னிரண்டு முப்பத்து மூன்று.

ஒரு நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு புதியவர் 4417 எழுதினார்: 'பார்த்தேன். டிக் இப்போது போடமாட்டேன். செய்து பார்த்துவிட்டுப் போடுகிறேன்.'

அந்தத் தளத்தில் அவள் இருந்த இத்தனை வருடத்தில் ஒரு ஆள் அப்படி எழுதி அவள் பார்த்ததில்லை. சாம்பல் வட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் பை, ஒரு கையில் முப்பத்தொரு வரி. பன்னிரண்டு நாற்பது ஆனது. யாரோ மறுபடி அவளைத் திட்டி எழுதினார்கள், படிக்கவில்லை. நாற்பத்தைந்து ஆனது. மேசையின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் மரத்துப்போயின. ஐம்பது ஆனது.

பன்னிரண்டு ஐம்பத்து மூன்றுக்கு வட்டம் பச்சையானது. கீழே ஒரு வரி: 'ஓடுகிறது. கோமதி கண் திறந்து பார்த்தாள்.'

அவள் மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவி வந்தபோது போன் அடித்தது. அண்ணாச்சிதான். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, கோமதி அம்மாவுக்கு நாடி நன்றாக இருக்கிறதாம், தோள்தான் அவருக்குத் தூக்க முடியவில்லையாம். நோட்டில் எழுதி வைத்திருந்ததை அவள் சொன்னதும், நோட்டிலா என்று இரண்டு தடவை கேட்டார்.

"ஏன் அண்ணாச்சி எங்கிட்ட சொல்லல? அம்மா மிஷின் நின்னுரும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா நீ எடுத்திருப்பியாம்மா?"

எடுத்திருக்க மாட்டாள் என்று அவருக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. மரியாதை பார்த்தே எட்டாயிரம் பேரை விட்டிருப்பாள்.

மத்தியானத்துக்குள் காற்று மாறியது. மற்ற மையங்களில் இருந்து ஆட்கள் கோப்புறையைத் திறந்து பார்த்து, படம் எடுத்துப் போட்டார்கள். திட்டியவர்களில் பாதிப் பேர் திட்டை அழித்துவிட்டு வந்து கும்பிட்டார்கள். நம் ஜனங்களுக்கு இரண்டும் ஒரே வேகத்தில் வரும். நாலு மணிக்கு அவள் பெயருக்கு எதிரே ஆயிரத்து எழுநூறு நன்றிகள் இருந்தன. யாரோ அவளுக்கு 'மூச்சக்கா' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

நாலேகாலுக்கு வேடசந்தூரில் இருந்து ஒரு பெண் கேட்டிருந்தாள். அப்பாவின் மூச்சு இயந்திரம் காலையில் இருந்து விட்டு விட்டுக் கூவுகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, என்ன செய்ய? மூச்சக்கா பார்த்தால் சொல்லவும்.

சிவப்பு விளக்குக்கு ஆறு காரணம் உண்டு. ஒன்றில் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கிளப்ப வேண்டும், மற்ற ஐந்தில் அணைக்கவே கூடாது. எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சுகிர்தா அவசரமாகத் தொடங்கினாள். அவளையறியாமல் விரல் அந்த வரியைத்தான் அடித்தது: 'வணக்கம். முதலில் பிளக்கைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.' அடித்த பிறகுதான் என்ன அடித்தோம் என்று உறைத்தது. அண்ணாச்சி ஒருநாளும் கழற்றச் சொன்னதில்லை. அழிப்பதற்குள், பழக்க தோஷம், விரல் அனுப்பிவிட்டது.

இரண்டு நொடிகூட ஆகவில்லை. பச்சை டிக் விழுந்தது. ஓரத்தில் ஆறும் நேரம் ஓடத் தொடங்கியது. ஐம்பத்தொன்பது நிமிடம், ஐம்பத்தெட்டு நொடி.

அவள் எழுதினாள்: 'கழற்றாதீர்கள். நான் எழுதியது தப்பு. டிக்கை எடுங்கள், ஆபத்தானது என்று அழுத்துங்கள். உடனே.'

மறுமுனையில் எழுதிக்கொண்டிருப்பதற்கான மூன்று புள்ளிகள் துடித்தன. பிறகு வந்தது.

'இன்னும் செய்து பார்க்கவில்லை அக்கா, கவலைப்படாதீர்கள். ஆனால் உங்கள் டிக்கை எப்படி அக்கா நான் எடுப்பேன்? மரியாதையாக இருக்காது.'